அணில் வேட்டைக்கு ஒரே ஒரு துப்பாக்கி: அதிகம் பராமரிக்காமல் நெடுநாள் உழைப்பது எது?

மிசூரிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, கூட வேலை செய்பவர்களோடு போன சீசனில் இரண்டு முறை இரவல் துப்பாக்கியில் அணில் வேட்டைக்குப் போனேன், இனி சொந்தமாக ஒன்று வேண்டும், 500 டாலருக்குள் இருக்கணும், பத்துப் பதினைந்து வருடம் உழைக்கணும், வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைக்க நேரமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாடல் என்று கேட்பது போலத் தெரிந்தாலும், உங்கள் கேள்வி மாடலைப் பற்றியது அல்ல என்று நினைக்கிறேன். மழையில் நனைந்த துப்பாக்கியைச் சரியாகத் துடைக்காமல் வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எடுத்தாலும் முதல் குண்டு வைத்த குறிக்குப் போகுமா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் இந்த மாநிலத்தில் 19 சீசன் அணில் வேட்டையாடியிருக்கிறேன். நடுவில் ஆறு வருடம் சனிக்கிழமைதோறும் ஒரு துப்பாக்கிப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தேன். எந்தத் துப்பாக்கி நல்லது என்பதைவிட, எது எதனால் கெட்டுப்போய் மேசைக்கு வருகிறது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கும் அதுதான் உதவும்.

சுருக்கமான பதில்: .22 லாங் ரைஃபிள் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றுவது), துருப்பிடிக்காத எஃகுக் குழல், தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை பிளாஸ்டிக். ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர், சாவேஜ் மார்க் 2 இரண்டிலும் இப்படிப்பட்ட வகை உண்டு. இரண்டில் எது கைக்குப் பொருந்துகிறதோ அதை வாங்கலாம். நீங்கள் இடது கைக்காரர் என்றால் மார்க் 2 பக்கம் போங்கள், அதில் இடது கைப் போல்ட் வைத்தும் செய்கிறார்கள். ஏன் இதைச் சொல்கிறேன், எப்போது இது பொருந்தாது என்பதற்குத்தான் மீதிப் பதில்.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். .22 லாங் ரைஃபிள் 1887-இல் வந்தது, அதன் அளவு இன்றுவரை மாறவில்லை. மற்ற தோட்டாக்களில் பெரும்பாலானவற்றில் நடுவில் தனியாக ஒரு பிரைமர் இருக்கும். இதில் அது கிடையாது. பித்தளை உறையின் அடி விளிம்பு மடிப்புக்குள்ளேயே பற்றவைக்கும் மருந்து இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் தீப்பிடிக்கிறது, அதனால்தான் இந்த வகைக்கு ரிம்ஃபயர் என்று பெயர். குண்டு பெரும்பாலும் 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம், மேலே மெழுகு தடவிய மெத்தென்ற ஈயம். அந்த ஈயமும் மெழுகும் குழலை அரிப்பதில்லை. பல பத்தாயிரம் தோட்டா சுட்ட பிறகும் நன்றாகச் சுடும் .22 குழல்கள் சாதாரணம். ஆகவே குழல் தேய்ந்துபோகும் என்று கவலைப்படவே வேண்டாம், நீங்கள் வருடத்துக்கு ஐந்நூறோ ஆயிரமோ தோட்டா சுட்டாலும் சரி.

ஆனால் இதே தோட்டாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மெழுகும் எரிந்த மருந்தும் சேர்ந்து கரியும் பிசுக்குமாகப் படியும். இதை எந்தத் துப்பாக்கி எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதில்தான் பராமரிப்பின் கதையே இருக்கிறது. அரைத்தானியங்கியில் வெடித்த வேகத்தில் காலி உறை பின்னால் உதைக்கும், அந்த உதையிலேயே போல்ட் பின்வாங்கி உறையை வெளியே எறிந்து, வில் தள்ளத் திரும்பி வந்து அடுத்ததை ஏற்றும். அத்தனை வேலையையும் செய்ய அதற்குக் கிடைப்பது அந்தச் சின்னத் தோட்டாவின் வலு மட்டும்தான். கரி கொஞ்சம் கூடினால், குளிரில் எண்ணெய் கொஞ்சம் கெட்டியானால், தோட்டா கொஞ்சம் வலுக் குறைந்ததாக இருந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். போல்ட் ஆக்‌ஷனில் அந்த வேலையைச் செய்வது உங்கள் கை. பிசுக்கு இருந்தால் கொஞ்சம் அழுத்தித் தள்ளுவீர்கள், அவ்வளவுதான். துப்பாக்கி தானாகச் செய்யும் வேலை குறையக் குறைய, நீங்கள் அதற்குச் செய்ய வேண்டிய வேலையும் குறையும்.

ஒரு முறை ஒருவர் அரைத்தானியங்கி ஒன்றைக் கொண்டுவந்து, உள்ளே ஏதோ உடைந்துவிட்டது, புதுசு வாங்கப்போகிறேன், பழசுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டார். கைப்பிடியை இழுத்து விட்டால் போல்ட் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் போல மெதுவாக ஊர்ந்து வந்தது. கழற்றிப் பார்த்தால் எதுவும் உடையவில்லை. நாலு வருடமாக ஒவ்வொரு முறையும் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை மேலேயே அடித்து வந்திருக்கிறார், துடைத்ததே இல்லை. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் படியுமே, விரல் வைத்தால் ஒட்டுகிற அந்தப் பழுப்புப் பிசுக்கு, அச்சு அசல் அதேதான் உள்ளே. கரைப்பானும் பழைய டூத்பிரஷ்ஷும் வைத்து இருபது நிமிடம் தேய்த்ததும் புதுத் துப்பாக்கி மாதிரி ஓடியது. அரைத்தானியங்கி மோசம் என்று இதைச் சொல்லவில்லை. 1964-இலிருந்து விற்கும் ரூகர் 10/22 இந்த நாட்டுக் காடுகளில் எத்தனை அணில்களை வீழ்த்தியிருக்கும் என்று கணக்கே இல்லை, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். சில நூறு தோட்டாவுக்கு ஒரு முறை திறந்து துடைக்கத் தயார் என்றால் அதையே வாங்கலாம். நேரமில்லை என்று நீங்களே சொல்லியிருப்பதால் உங்களுக்கு அதை முதலில் சொல்லமாட்டேன்.

வேட்டை எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செப்டம்பரில் ஹிக்கரி மரத்தடியில் விடியும் முன்பே போய் உட்கார்ந்தால், முதலில் காதுக்குத்தான் தெரியும். மேலே அணில் கொட்டையைக் கொறிக்க, துணுக்குத் துணுக்காகத் தோல் காய்ந்த சருகில் விழும் சத்தம் மெல்லிய தூறல் மாதிரி கேட்கும். பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்த பிறகு வால் நுனி ஒன்று தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் சுடப்போவது ஒரே ஒரு குண்டு. அது தவறினால் அடுத்த குண்டுக்கு அணில் அங்கே இருக்காது. வேகமாக இரண்டாவது சுடும் வசதியால் இங்கே பெரிய ஆதாயம் இல்லை. முதல் குண்டு சரியாகப் போக வேண்டும், சாம்பல் அணிலின் தலை ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். 25 கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு அங்குலத்துக்குள் விழுந்தால் அந்த ரைஃபிள் போதும். நான் சொன்ன இரண்டுமே அதைவிட நன்றாகச் சுடும்.

இனி ஒரே குண்டு போகும் ரைஃபிளா, ஒரே வெடியில் பல சிறு ரவைகள் போகும் ஷாட்கன்னா என்ற கேள்வி. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. .22 தோட்டாப் பெட்டியை எடுத்துப் படியுங்கள், ஒன்றரை மைல் வரை அபாயம் என்று அச்சடித்திருப்பார்கள். கிளை நுனியில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் அணிலைச் சுட்டால், தவறிய குண்டு அந்த ஒன்றரை மைலுக்குள் எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குண்டைத் தடுக்க அணிலுக்குப் பின்னால் அடிமரமோ பருத்த கிளையோ மண்மேடோ இருந்தால் மட்டுமே ரைஃபிளில் சுடலாம். அது இல்லாவிட்டால் அது எவ்வளவு கொழுத்த அணிலாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். 20 கேஜ் ஷாட்கன்னில் 6-ஆம் நம்பர் ரவை போட்டால், அந்தச் சிறு ஈய மணிகள் சீக்கிரமே வேகம் இழந்துவிடும். அதனால் சுற்றிலும் வீடும் பண்ணையும் உள்ள சின்னத் தோப்பிலும், இலை அடர்ந்து அணில் ஒரு நொடி மட்டும் தெரியும் ஜூன் மாதத்திலும் ஷாட்கன்தான் சரி. நீங்கள் போவது ஓசார்க் மலைப் பக்கம் மார்க் ட்வெய்ன் தேசிய வனம் போன்ற பெரிய காடு என்றால் ரைஃபிள், ஊர் ஓரத்துச் சின்னத் தோப்பு என்றால் ஷாட்கன். இந்த ஒரு விஷயத்தில் நான் சமரசம் செய்யமாட்டேன்.

ஷாட்கன் என்று முடிவானால் பராமரிப்பில் எல்லாவற்றையும் தோற்கடிப்பது நடுவில் மடங்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கிதான். மடக்கினால் குழல் முழுக்கத் தெரியும், ஒரு துணியை இழுத்தால் சுத்தம். பம்ப், அதாவது முன்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றும் ஷாட்கன் வேண்டுமென்றால் 1960-களின் தொடக்கத்திலிருந்து வரும் மாஸ்பெர்க் 500-ஐப் பாருங்கள். உடல்பகுதி அலுமினியம் என்பதால் அந்த இடம் துருப்பிடிக்காது, பாதுகாப்புப் பொத்தான் மேலே கட்டைவிரலுக்கு நேராக இருப்பதால் எந்தக் கைக்கும் ஒத்துவரும். ரவை பட்ட அணிலைச் சாப்பிடும்போது மெதுவாகக் கடிக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை.

.17 எச்எம்ஆர் என்ற வேறொரு தோட்டாவுக்கான ரைஃபிளை வாங்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தலாம். 2002-இல் வந்தது, நேர்க்கோடாகப் போகும், ஆனால் 17 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 2,500 அடிக்கு மேல் போகிறது. தலையில் படாமல் உடம்பில் பட்டால் சமைக்க ஒன்றும் மிஞ்சாது. தின்பதற்காக வேட்டையாடுபவருக்கு அது வேண்டாம்.

இப்போது துரு. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும் அதுவும் துருப்பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவே. ஆனாலும் மிசூரியின் ஈரப்பதத்துக்கு அந்த மெதுவே பெரிய வரம். கருநீல நிறப் பூச்சு இருக்கிறதே, அது பெயின்ட் அல்ல, இரும்பின் மேல் வேதிமுறையில் உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம். வியர்வை உப்பு அதைத் தின்றுவிடும். பட்டறைக்கு வந்த ஒரு ரைஃபிளில் உடல்பகுதியின் பக்கவாட்டில் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவில் பதிந்திருந்தது. சுழியும் கோடும் எண்ணிவிடலாம் போலத் தெளிவு. ஆகஸ்டில் வேட்டை முடிந்து வியர்த்த கையோடு பிடித்து, ஸ்பான்ஜ் வைத்த பெட்டிக்குள் போட்டு, கராஜில் ஜனவரி வரை வைத்திருந்திருக்கிறார். மிக மெல்லிய எஃகுக் கம்பளியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததில் சிவப்புப் போனது, குழி போகவில்லை. அந்தப் பெட்டிகள் வண்டியில் கொண்டுபோகத்தான், சேமித்து வைக்க அல்ல. ஸ்பான்ஜ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்போடு ஒட்டி நிற்கும்.

மரக்கட்டை அழகு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. என் சொந்த ரைஃபிள் வால்நட் கட்டை போட்டதுதான். ஆனால் மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அப்போது குழலை அழுத்தும் இடம் மாறும், குறியும் கொஞ்சம் நகரும். கொஞ்சம் என்றால் ஒரு அங்குலம் வரைகூடப் பார்த்திருக்கிறேன். அணிலின் தலைக்கு அது அதிகம். பிளாஸ்டிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. பார்க்க சுமார்தான், ஆனால் நீங்கள் கேட்டது அழகு அல்ல.

சுத்தம் செய்வதைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். .22 குழலை அடிக்கடி சுத்தம் செய்வதால் கெடுத்தவர்கள்தான் அதிகம், செய்யாமல் விட்டுக் கெடுத்தவர்கள் குறைவு. நானே கெடுத்தவன். முதல் ரைஃபிள் வாங்கிய புதிதில் ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் மூன்று துண்டாக இணைக்கும் அலுமினியக் கம்பியைக் குழலின் வாய் வழியாக விட்டு இழுஇழு என்று இழுப்பேன். இரண்டு வருடத்தில் குறி சிதற ஆரம்பித்தது. குண்டு கடைசியாக விடைபெறும் இடம் அந்த வாய் விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு கோணிக்கொண்டு போகும். லேத்தில் கொடுத்து நுனியைக் கொஞ்சம் வெட்டி விளிம்பைப் புதிதாகக் கடைந்த பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது. அதன் பிறகு நான் கம்பியையே தொடவில்லை. பித்தளை முடி வைத்துப் பின்னிய கயிறு கிடைக்கும், தோட்டா நுழையும் பக்கத்திலிருந்து விட்டு வாய்ப்பக்கமாக இழுக்க வேண்டும், சில நூறு தோட்டாவுக்கு ஒரு முறை இரண்டு இழுப்பு. சிலர் குறி சிதறும்வரை தொடவே வேண்டாம் என்கிறார்கள், அதுவும் நடைமுறையில் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் வெளிப்புறம் அப்படி அல்ல. வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, போல்ட்டை உருவி அதன் முகத்தைத் துணியால் துடைத்து, இரும்பு தெரியும் இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு முறை தடவுங்கள். மூன்று நிமிட வேலை. இதைக்கூடச் செய்யமாட்டேன் என்றால் எந்த எஃகும் உங்களுக்கு உதவாது. எண்ணெய் சொட்டச் சொட்ட வேண்டாம், கை பட்டால் வழவழப்பு தெரிந்தால் போதும். ஜனவரிக் குளிரிலிருந்து நேரே சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் துப்பாக்கிக்கு வேர்த்துவிடும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த செம்பு மாதிரி. அப்போதே துடைத்தால் மறுபடி வேர்க்கும். துப்பாக்கி அறையின் சூட்டுக்கு வரும்வரை விட்டுத் துடைக்க வேண்டும். தோட்டா இல்லாமல் வெறுமனே விசையைத் தட்டிப் பழகுவதும் .22-வில் ஆபத்து, ஊசி குழலின் விளிம்பில் மோதி வடு போடலாம். கையேட்டில் செய்யலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நல்ல ரைஃபிள் வாங்கி மிச்சப் பணத்தில் மலிவான ஸ்கோப் வைத்து, பிறகு ரைஃபிள் சரியில்லை என்று பட்டறைக்கு வருவார்கள். பத்தில் பாதிக்கு மேல் ஸ்கோப் வளையத்தின் திருகு தளர்ந்திருக்கும் என்பது என் ஞாபகக் கணக்கு. பெருக்கம் மாறாத 4 மடங்கு ஸ்கோப் போதும், உள்ளே அசையும் பாகம் குறைவு. ரிம்ஃபயருக்கென்று செய்ததாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய ரைஃபிளுக்கானது பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்தது, கண் கொஞ்சம் விலகினால் கிட்டத்தில் குறி மாறிவிடும்.

எனக்கு முன்கூட்டியே சொல்ல முடியாதது ஒன்று உண்டு: உங்கள் குழலுக்கு எந்தத் தோட்டா பிடிக்கும் என்பது. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு ரைஃபிள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும். ஐந்தாறு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மேசையில் சாய்த்து வைத்து 25 கஜத்தில் சுட்டுப் பார்த்து, பிடித்ததை மொத்தமாக வாங்கிவிடுங்கள். விநாடிக்கு 1,070 அடி போகும் சாதாரண வேகத் தோட்டாவே அணிலுக்குத் தாராளம், சத்தமும் குறைவு. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலைப் பத்திரமான திசையில் முப்பது விநாடி பிடித்திருந்து பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும்.

நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் தமிழர்களில் பலருக்கு இது தெரியாது. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று ஏதாவதொரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். உரிமம் காலாவதியானால் அந்த விதிவிலக்கும் போய்விடும். இரவல் துப்பாக்கிக்கும் இதே விதிதான், சொந்தமாக வாங்கினால்தான் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலில் போய் முடியலாம். கிரீன் கார்டு வந்துவிட்டவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நான் வழக்கறிஞன் அல்ல, உங்கள் நிலைமையை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்ட பிறகே கடைக்குப் போங்கள். காற்றுத் துப்பாக்கி கூட்டாட்சிச் சட்டத்தில் துப்பாக்கியாகக் கருதப்படுவதில்லை, ஆனால் நியூஜெர்சி மாதிரி சில மாநிலங்கள் அதையும் துப்பாக்கியாகவே பார்க்கின்றன.

மிசூரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். அணில் சீசன் மே மாத நான்காவது சனிக்கிழமை தொடங்கி பிப்ரவரி 15 வரை, ஒரு நாளைக்குப் பத்து. வேறு மாநிலத்துக்குப் போனால் எல்லாமே மாறும். பென்சில்வேனியாவில் 2017 வரை அரைத்தானியங்கி ரைஃபிளுக்கு அனுமதியே இல்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து ஈயக் குண்டில் வேட்டையாடக் கூடாது. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தப் பதில் எதுவும் உங்களுக்கானது அல்ல, அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதுகில் மூன்று கோடு போட்ட நம்மூர் அணிலை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்து வருந்துபவர்களையும் எனக்குப் புரிகிறது. இங்கே சாம்பல் அணில் அரைக் கிலோ, நரி அணில் அதைவிடப் பெரியது, முயல் மாதிரி மிளகு போட்டு வறுத்துத் தின்பதற்காகத்தான் சுடுகிறோம்.

500 டாலரைப் பழைய துப்பாக்கியில் போட நினைத்தாலும் நல்ல யோசனையே, பழைய போல்ட் ஆக்‌ஷன் .22-களில் பலது அதிகம் சுடாமலே அலமாரியில் கிடந்தவை. கடையில் போல்ட்டை உருவித் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தால் குழல் கண்ணாடி மாதிரி தெரிய வேண்டும், கருப்புப் புள்ளிகள் இருந்தால் துருக்குழி. பிறகு குழலின் வாயைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றி நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். எங்காவது நகம் தடுக்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.